ஆயிரத்து எண்ணூறு மைக்ரான்

சாத்தாங்காடு தாண்டி
கன்டெய்னர்கள் ஐந்தடுக்காய் நிற்கும் யார்டில்
தார்ப்பாயை உருவினார் சகாயதாஸ்.
முதலில் எண்ணூர்ச் சாம்பல்.
அப்புறம் ஒரு பூனை.
அப்புறம்தான் கார்.

"ரெண்டே ரெண்டு சீட்டு மேடம்,
இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அலப்பற?"

இத்தாலியில் பூசிய எழுபத்திரண்டாம் வருஷத்துச் சிவப்பு,
அதன் மேல் யாரோ பூசிய இன்னொரு சிவப்பு.
வெயிலில் இரண்டும் ஒன்று.
டார்ச்சைச் சாய்த்தால்
ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத இரண்டு மருமகள்கள்.

நாளை பதினொரு மணிக்கு ஏலம்.
சாயங்காலத்துக்குள் வங்கிக்கு ஒரு எண் வேண்டும்.
எண்ணுக்கு எனக்கு மூவாயிரத்து ஐநூறு,
ஆட்டோ என் செலவு.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
இடப்பக்கக் குழாயைச் சாவியால் தட்டிக்கொண்டே போனேன்:
டிங். டிங். டிங். தொப்.
அந்தத் தொப்புக்கு நான்கு லட்சம் கழித்தேன்.

மீட்டர் நாற்பத்தோராயிரம் என்கிறது.
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது.
நாற்பத்தோராயிரம் கிலோமீட்டருக்குள்
யாரும் அவ்வளவு பயந்திருக்க முடியாது.

எஞ்சின் எண்ணில் மூன்று ஏழுகள்.
இரண்டுக்கு இடுப்பில் கோடு.
மூன்றாவது நம் ஊர் ஏழு.

ஆனால் கதவு.
'சோழவரத்தில் ஓடிய வண்டி' என்கிறது ஏலக் குறிப்பு,
'பந்தய எண்ணின் தடம் இன்றும் உண்டு.'
உண்டுதான்.
சாய்ந்த ஒளியில், சிவப்புக்கு அடியிலிருந்து
தோசைக்கல் அகலத்தில் ஒரு வட்டம் எழும்பியது,
வட்டத்துக்குள் பதினாறு.
எனக்கே கை சிலிர்த்தது.
வைக்கோல் கட்டுகள், கருகும் விளக்கெண்ணெய் வாசனை,
நான் பிறக்கும் முன்பே அடங்கிப்போன ஒரு சத்தம்.
அந்த வட்டம் இருபது லட்சம் பெறும்.

மானியைக் கதவில் வைத்தேன்.
வலது கதவில் நூற்றிருபது காட்டியது
இங்கே ஆயிரத்து எண்ணூறு.
கையுறைப் பெட்டிக்குள் பூனைமுடி,
எலி தின்றது போக மீதி ஒரு ரசீது:
வியாசர்பாடி. இடது கதவு. டிங்கரிங், பட்டி, பெயின்ட். 2009.
கதவின் விளிம்பில் நகத்தளவு பெயர்ந்த இடம்.
லென்ஸ் வைத்து எண்ணினேன்:
தகடு, பட்டி, வெள்ளை, சிவப்பு.
பட்டிக்கு மேலேதான் வட்டம்.
ஓய்வு பெற்ற பிறகு பந்தயத்தில் ஓடிய வண்டி.

மூன்று மணிக்கு டாக்டர் யுகேந்திரன் வந்தார்,
நாளைய கைகளில் ஒன்று அவருடையது.
என்னை யார்டு குமாஸ்தா என்று நினைத்து
தண்ணீர் கேட்டார்.
பிறகு வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டார்,
காய்ச்சல் பார்ப்பது போல.
"எங்க சித்தப்பா இத நேர்ல பாத்திருக்கார் மேடம்.
பதினாறு. நல்லா ஞாபகம் இருக்குன்னார்."

அறிக்கை வங்கிக்கு மட்டும். வாய் திறக்கக் கூடாது.
பையிலிருந்த காந்தத்தை எடுத்தேன்,
ஃப்ரிட்ஜில் ஒட்டும் மாம்பழக் காந்தம்,
தொழிலுக்கு அந்த அளவு பலவீனம் போதும்.
வலது கதவில் வைத்தேன். நின்றது.
இடது கதவில், வட்டத்துக்கு நடுவில் வைத்தேன்.
விழுந்தது.
அவர் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து
என் கையில் கொடுத்தார்.
"பாத்து மேடம், பெயின்ட்ல கீறல் விழுந்துடும்."

வட்டத்துக்கு நான் போட்டது பூஜ்யம்.
மறுநாள் என் எண்ணைவிடப் பத்தொன்பது லட்சம் கூடப் போனது.
லாரியில் ஏற்றுமுன் சீட்டுக்கு அடியிலிருந்து
பட்டியலில் இல்லாத நான்கு குட்டிகளை
சகாயதாஸ் பேட்டரி அட்டைப்பெட்டிக்கு மாற்றினார்.
எங்கிருந்து வந்ததோ அந்த ஊருக்கு
எண்ணெய் ஆலையின் காற்று திரும்பிக்கொண்டிருந்தது.

மாதம் கழித்து டாக்டர் அழைத்தார்.
இன்ஷூரன்ஸுக்கு மதிப்பீடு வேண்டுமாம்,
"அந்த வட்டத்தையும் மறக்காம சேத்துடுங்க."
சேர்த்தேன்:
'இடது கதவில், வண்ணத்துக்கு அடியில், 16 என்ற எண் உள்ளது.'
ஒரு சொல் பொய் இல்லை.
மைக்ரானுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.